போஹோலா, சிகிஹோரா, கமிகினா? பிலிப்பைன்ஸில் ஒரே ஒரு தீவு பார்ப்பதென்றால்

செபு நகரில் மருத்துவம் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விதான். "பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறோம். அது முடிந்ததும் நாலைந்து நாள் கையில் இருக்கிறது. பழைய தேவாலயம், வரலாறு, இயற்கை எல்லாம் இருக்கிற மாதிரி ஒரு தீவு சொல்லுங்கள். போஹோல் போவதா, சிகிஹோரா, கமிகினா?" 2025 ஜூன் முதல் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 14 நாள் விசா இல்லாமலே சுற்றுலா வரலாம் என்றானபிறகு, இங்கே பிள்ளைகள் இல்லாதவர்களும் இதையே கேட்கிறார்கள்.

மூன்றும் தனித்தனி மாகாணங்கள். மூன்றிலும் ஸ்பானியர் காலத்துத் தேவாலயம் உண்டு, அருவி உண்டு, சுற்றிலும் கடல் உண்டு. படங்களில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் தெரியும். போய் இறங்கினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. மூன்றுக்கும் தனியாகவும் போயிருக்கிறேன், வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டும் போயிருக்கிறேன். அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

## முதலில் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை

எத்தனை இரவு? நாள் கணக்கு போடாதீர்கள், இரவுக் கணக்கு போடுங்கள். "நாலு நாள்" என்பதில் முதல் நாளும் கடைசி நாளும் துறைமுகத்திலேயே கரைந்துவிடும். அந்தத் தீவில் எத்தனை இரவு தூங்கப்போகிறீர்கள் என்பதுதான் உண்மைக் கணக்கு.

முழங்கால் எப்படி? இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான். போஹோலின் சாக்லேட் குன்றுகளைப் பார்க்கும் மேடைக்கு 214 படி. சிகிஹோரின் கம்புகஹாய் அருவிக்கு 135 படி இறங்கவேண்டும், திரும்பும்போது அத்தனையும் ஏறவேண்டும். கமிகினில் சாலையோரத்திலேயே நிறைய இடங்கள் இருக்கின்றன, ஆனால் பழைய எரிமலையின் சிலுவைப்பாதை நல்ல செங்குத்து.

யார் வண்டி ஓட்டுவது? சிகிஹோரும் கமிகினும் ஸ்கூட்டரில் சுற்றுவதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கும். ஆனால் இந்த நாட்டில் சாலையின் வலப்பக்கம் ஓட்டவேண்டும். நம் கைக்கும் கண்ணுக்கும் இடப்பக்கம்தான் பழக்கம். நேர்சாலையில் சமாளித்துவிடுவோம், வளைவு முடிந்து திரும்பும்போதுதான் பழைய பழக்கம் எட்டிப்பார்க்கும்.

சாப்பாடு. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் கூட வந்தால் இதைத் தீவு முடிவு செய்யும் முன்பே யோசிக்கவேண்டும். இங்கே "காய்கறி" என்று வரும் தட்டில் இறால் விழுதோ பன்றித் துண்டோ இருப்பது சகஜம். அவர்கள் கணக்கில் அது காய்கறிதான்.

எது உங்களை இழுக்கிறது? நடந்து முடிந்த கதையா, இன்றும் உயிரோடிருக்கிற நம்பிக்கையா, மண்ணும் நெருப்பும் நீருமா? முதலாவது போஹோலில் கெட்டி, இரண்டாவது சிகிஹோரில், மூன்றாவது கமிகினில்.

## போஹோல்: வரலாறு அடுக்கடுக்காக

முதல்முறை வருகிறவர்கள், பெரியவர்களோடு வருகிறவர்கள், மூன்று இரவுக்குமேல் இல்லாதவர்கள், எல்லோருக்கும் நான் யோசிக்காமல் சொல்வது போஹோல். செபுவிலிருந்து தக்பிலரான் துறைமுகத்துக்கு வேகப்படகில் இரண்டு மணி நேரம். மணிலாவிலிருந்து வந்தால் போஹோலோடு பாலத்தால் இணைந்த பங்லாவ் தீவில் 2018-ல் திறந்த விமான நிலையத்தில் நேராக இறங்கலாம். பார்க்கவேண்டியவற்றில் முக்கால்வாசி, தக்பிலரானிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் ஒரே வழியில் வரிசையாக வந்துவிடும்.

தக்பிலரானின் போஓல் பகுதியில் கடலைப் பார்த்தபடி ஒரு வெண்கலச் சிற்பக் கூட்டம் இருக்கிறது. 1565 மார்ச் 16 அன்று ஸ்பானியத் தளபதி லெகாஸ்பியும் போஹோல் தலைவர் சிகதுனாவும் கையைக் கீறி, ரத்தத்தை மதுவில் கலந்து குடித்து உறவு கொண்டாடியதன் நினைவு அது. 'சந்துகோ' என்கிறார்கள், ஒரே ரத்தம் என்று பொருள். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் போர்த்துகீசியர் வந்து இந்தத் தீவைச் சூறையாடிவிட்டுப் போயிருந்தார்கள். வெள்ளைக்காரர் கப்பலைக் கண்டாலே மக்கள் ஓடி ஒளிந்த காலம். "நாங்கள் அவர்கள் இல்லை" என்று நம்பவைக்கத்தான் லெகாஸ்பிக்கு இந்தச் சடங்கு தேவைப்பட்டது. சிற்பத்தைச் செய்த நபோலியோன் அபுவேவாவும் போஹோல் மண்ணின் மைந்தர்தான். வேன்காரர் பத்து நிமிடம் தருவார். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு போனால் பத்து நிமிடமே போதும்.

அந்த ரத்த உறவு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதற்கும் போஹோலே சாட்சி. 1744-ல் பிரான்சிஸ்கோ தகோஹோய் என்பவரின் தம்பிக்கு ஊர்ப் பாதிரியார் கிறிஸ்தவ அடக்கம் மறுத்தார். அதில் மூண்ட கிளர்ச்சி 1829 வரை, 85 ஆண்டு, ஓயவேயில்லை. ஸ்பானியரை எதிர்த்து இந்த நாட்டில் இவ்வளவு நீண்டகாலம் நடந்த கிளர்ச்சி வேறில்லை. தேவாலயங்களைப் பார்க்கும்போது இதையும் மனசில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

தேவாலயங்களில் ஒன்றுதான் பார்க்க நேரம் என்றால் பக்லயோன் போங்கள். இயேசு சபையினர் 1596-ல் வந்து இறங்கிய ஊர். இப்போது நிற்கும் கட்டடம் 1727-ல் முடிந்தது. முகப்பைப் படமெடுத்துவிட்டு எல்லோரும் நேரே உள்ளே போய்விடுகிறார்கள். நீங்கள் பக்கவாட்டுச் சுவரின் அருகே போய், கல்லுக்கு ஒரு சாண் தூரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். சொரசொரப்பாகத் தெரிந்தது முழுக்கப் பவளம். சின்னச் சின்ன நட்சத்திரக் குழிகள், தேன்கூடு மாதிரி அறைகள், அங்கங்கே மடிப்பு மடிப்பாக ஒரு மூளைப்பவளம். கடலிலிருந்து வெட்டியெடுத்து, செதுக்கி, கரைக்குக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். விரலை வைத்தால் உயிரோடிருந்த ஒன்றைத் தொடுகிற உணர்வு வரும். என் அம்மா அங்கே கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றார்.

2013 அக்டோபர் 15 காலை 7.2 அளவில் நிலநடுக்கம் வந்தது. தீவில் 200 பேருக்குமேல் இறந்தார்கள். பக்லயோனின் முகப்பு இடிந்தது, லோபோக் தேவாலயம் பாதிக்குமேல் போனது, லோஓனும் மரிபோஹோக்கும் கல்குவியலாகின. கற்களுக்கு எண் போட்டு, வகை பிரித்து, வருடக்கணக்கில் உட்கார்ந்து திரும்பக் கட்டினார்கள். லோபோக்கும் லோஓனும் 2021-ல்தான் மறுபடி திறந்தன. பழைய கல்லுக்கும் புதிய கல்லுக்கும் நிறம் கொஞ்சம் வேறுபடும். அந்த வேறுபாட்டைத் தேடிப் பாருங்கள். லோபோக்கில் தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஆற்றின் குறுக்கே பாதியில் நிற்கும் ஒரு கான்கிரீட் பாலமும் உண்டு. முழுசாகக் கட்டினால் தேவாலய வளாகத்துக்குச் சேதம் வரும் என்று நிறுத்திவிட்டார்கள். எனக்கு அந்தப் பாலத்தின்மேல் பெரிய மரியாதை.

சாக்லேட் குன்றுகளுக்கு வருவோம். கார்மென், பதுவான், சக்பயான் ஊர்களைச் சுற்றி, எண்ணுகிறவரைப் பொறுத்து 1,268 முதல் 1,776 குன்றுகள் என்கிறார்கள். கடலடியில் படிந்த சிப்பியும் பவளமும் சுண்ணாம்புப் பாறையாகி, மேலே எழும்பி, மழைநீர் கரைத்துக் கரைத்துக் கூம்பாக்கியவை. அதாவது பக்லயோனின் சுவரும் இந்தக் குன்றும் ஒரே சரக்கு. போஹோல் தீவு 2023-ல் யுனெஸ்கோவின் உலகப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது, நாட்டிலேயே முதலாவது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: குன்றுகள் எப்போதும் சாக்லேட் நிறத்தில் இருக்காது. மழையில்லாத மாதங்களில், அதிலும் ஏப்ரல், மே வாக்கில்தான் புல் காய்ந்து பழுப்பாகும். மற்ற மாதங்களில் பச்சைதான். பச்சையும் அழகு. பழுப்பைத்தான் பார்க்கவேண்டும் என்பவர்கள் மாதம் பார்த்து வாருங்கள்.

டார்சியர் என்ற உள்ளங்கையளவுக் குரங்கினத்தை இரண்டு இடங்களில் காட்டுகிறார்கள். நம் தேவாங்கைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண் பழக்கமானதாகவே இருக்கும். சுற்றுலா வேன் வழக்கமாக லோபோக் பக்கம் நிறுத்தும். நீங்கள் கேட்டு கொரெல்யா சரணாலயத்துக்குப் போகச் சொல்லுங்கள். அது காடு, கூட்டமும் குறைவு. டார்சியர் இரவில் விழித்திருக்கும் பிராணி. நாம் போவது அது தூங்கும் நேரத்தில். பேச்சில்லாமல், கேமரா வெளிச்சம் போடாமல், தொடாமல் பார்த்துவிட்டு வரவேண்டும். மிரண்டால் அது செத்தும்போகும்.

போஹோலின் குறை வேகம். ஒரே நாளில் எட்டு இடம் காட்டும் வேன் சுற்றுலாதான் இங்கே பிரபலம். காலை எட்டு மணிக்குக் கிளம்பி, லோபோக் ஆற்றுப்படகில் பாட்டும் கூத்துமாகச் சாப்பாடு, மாலைக்குள் குன்று. எதையும் பார்த்த மாதிரியே இருக்காது. பங்லாவின் அலோனா கடற்கரையில் கூட்டமும் சத்தமும் அதிகம். மூன்று இரவில் ஒன்றையாவது லோபோக் ஆற்றங்கரையில் போடுங்கள். பகல்நேர வேன்கள் திரும்பிப்போனபிறகு அந்த ஊர் வேறு ஊர்.

## சிகிஹோர்: இரண்டு நம்பிக்கைகள் ஒரே கூரையடியில்

செபுவிலும் போஹோலிலும் பெரியவர்களிடம் "சிகிஹோர் போகிறேன்" என்று சொல்லிப்பாருங்கள். பாதிப் பேர் முகம் மாறும். சூனியத் தீவு என்று பேர் எடுத்துவிட்டது. அங்கேயுள்ள வைத்தியர்களை 'மனனாம்பால்' என்பார்கள். மூலிகை, எண்ணெய், மந்திரம், செபம் எல்லாம் சேர்ந்த வைத்தியம். கெடுதல் செய்பவர்களுக்கு வேறு பேர். வெளியூர்க்காரர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

நான் ஒருமுறை 'போலோ-போலோ' பார்த்தேன். ஒரு கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீர், அதன் அடியில் ஒரு கருங்கல். வைத்தியப் பாட்டி ஒரு குழாயை வாயில் வைத்து, குவளையை என் முதுகிலும் தோளிலும் நகர்த்தி நகர்த்தி ஊதினார். நீரில் குமிழி வந்தது, கொஞ்ச நேரத்தில் கலங்கியது. கொட்டிவிட்டு மறுபடி புதுநீர். தெளிவாகவே நிற்கும்வரை ஊதினார். அவருக்குப் பின்னால் சுவரில் குழந்தை இயேசு படமும் மாதா படமும். முடிந்ததும் சிலுவைக் குறி போட்டுவிட்டு, என்ன கொடுக்கிறேன் என்று பார்க்காமல் திரும்பிக்கொண்டார். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். வேடிக்கை பார்க்கிற இடமாக மட்டும் நினைத்துப் போகாதீர்கள். உள்ளூர்க்காரர்கள் உடம்புக்கு முடியாமல் வந்து உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுக்கு வழிவிட்டுக் காத்திருக்கவேண்டும்.

தவக்காலத்தில் வெள்ளிக்கிழமைதோறும் காட்டிலும் கடலோரத்திலும் மூலிகை சேகரித்து, புனித சனியன்று தீவின் நடுவிலுள்ள பந்திலாவான் மலையில் பெரிய சட்டியில் காய்ச்சுவார்கள். கிறிஸ்தவ நாள்காட்டியும் அதற்கு முந்தைய வைத்தியமும் இப்படிப் பின்னிக்கிடப்பதைப் பார்ப்பதற்குத்தான் சிகிஹோர் போகவேண்டும் என்பது என் எண்ணம்.

லாசி ஊரில் சான் இசித்ரோ தேவாலயம் 1884-ல் கட்டியது. உள்ளே பழைய பலிபீடமும் இரண்டு பிரசங்க மேடைகளும் இருக்கின்றன. சாலைக்கு எதிர்ப்பக்கம் பாதிரியார்களின் மடம். கீழ்த்தளம் கல், மேல்தளம் மரம். நாட்டின் மிகப் பெரிய பழைய மடங்களில் ஒன்று. இரண்டுக்கும் நடுவே வரிசையாகப் பெருமரங்கள். அந்த நிழலில் கொஞ்ச நேரம் உட்காராமல் வரவேண்டாம். பக்கத்திலேயே கம்புகஹாய் அருவி, மூன்று அடுக்கு, பச்சைகலந்த நீலநீர். கயிற்றில் ஊஞ்சலாடிக் குதிக்கும் பிள்ளைகள் கூட்டம் பத்து மணிக்கு வந்துவிடும், அதனால் எட்டுக்கே போய்விடுங்கள். கம்பலனாஸில் 400 வயது என்று சொல்லப்படும் ஆலமரவகை மரம், அடியில் ஊற்று, கால் வைத்தால் மீன்கள் வந்து கொத்தும். அதற்குக் கால்மணி நேரம் போதும்.

தீவைச் சுற்றிவரும் சாலை 70 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். பக்கத்து நெக்ரோஸ் தீவின் துறைமுக நகரான துமகெதேயிலிருந்து படகில் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம். தக்பிலரானிலிருந்தும் வேகப்படகு உண்டு. ஆகவே போஹோலோடு சேர்த்துப் போக எளிதான தீவு இதுதான். சான் ஹுவான் பக்கம் வெளிநாட்டவர் நிறையத் தங்குவதால் சைவச் சாப்பாடும் ஓரளவு கிடைக்கும். ஆனால் ஏடிஎம் குறைவு, இருப்பதிலும் பணம் தீர்ந்துபோவதுண்டு. துமகெதேயிலேயே ரொக்கம் எடுத்துக்கொண்டு படகேறுங்கள்.

## கமிகின்: எரிமலை எழுதிய வரலாறு

கமிகின்தான் எனக்குப் பிடித்த தீவு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சொல்வதை அதற்கேற்பக் குறைத்து எடுத்துக்கொள்ளலாம்.

போஹோலும் சிகிஹோரும் கடலடிச் சுண்ணாம்பு. கமிகின் முழுக்க எரிமலை. 240 சதுர கிலோமீட்டர்தான், சுற்றுச்சாலை 64 கிலோமீட்டர். அதற்குள் மலைமேல் மலையாக எரிமலைகள். ஹிபோக்-ஹிபோக் 1,332 மீட்டர், இன்னும் உயிருள்ளது. 1951 டிசம்பர் 4 அன்று அதிலிருந்து இறங்கிய தீமேகம் நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றது. நாடு எரிமலைகளைக் கண்காணிக்கத் தனி ஆணையம் அமைத்தது அதற்கு அடுத்த வருடம்தான்.

அதற்கும் முன்னால் 1871-ல் தீவின் மேற்குக் கரையில் வெடிப்பு. கத்தர்மனின் பழைய ஊரே அழிந்தது. கல்லறைத் தோட்டம் கடலுக்குள் இறங்கியது. அங்கே 1982-ல் நிறுத்திய பெரிய சிலுவை கடலுக்கு நடுவே நிற்கிறது. சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம், படகிலும் போகலாம். சாயங்காலம் சூரியன் அதன் பின்னால் இறங்கும்போது கரையில் கூட்டம் தானாகப் பேச்சை நிறுத்திவிடும்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் கி-ஓப் இடிபாடுகள். எரிமலை விட்டுவைத்த பழைய தேவாலயம். கூரையில்லை, தரை புல்தரை. ஒரு முழத்துக்கும் அதிகத் தடிமனுள்ள சுவர்கள் மட்டும் பாசி பிடித்து நிற்கின்றன. சன்னல் இருந்த ஓட்டையில் செடி முளைத்திருக்கும். உள்ளே சின்னதாக ஒரு பீடம், அதில் யாரோ ஏற்றிவைத்த மெழுகுவர்த்தி உருகி வழிந்திருக்கும். மழை பெய்து விட்ட ஒரு காலையில் போனேன். ஒரு அம்மா பள்ளிச் சீருடைப் பெண்ணோடு வந்து, குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, ஈரப்புல்லிலேயே முட்டிபோட்டார். கூரை போனாலும் அது அவர்களுக்குக் கோயில்தான்.

போஹோல்காரர்கள் இடிந்ததைக் கல்கல்லாகத் திரும்ப எடுத்துக் கட்டினார்கள். கமிகின்காரர்கள் ஊரை வேறிடத்தில் அமைத்துக்கொண்டு இடிந்ததை இடிந்தபடியே பேணுகிறார்கள். இரண்டையும் பார்த்தவர்களுக்கு, எது சரி என்று வாதாடத் தோன்றாது. புனித வாரத்தில் இங்கே 'பனாத்' என்ற நேர்த்திக்கடன் உண்டு. தீவையே கால்நடையாகச் சுற்றுவார்கள், பழைய எரிமலையின் சரிவில் சிலுவைப்பாதைச் சிலைகளைத் தொடர்ந்து ஏறுவார்கள். ஊரை விழுங்கிய மலைமேலேயே செபம் செய்கிறார்கள்.

மீதி எல்லாம் தண்ணீர். எரிமலை சுடவைத்த வெந்நீர் ஊற்று ஒரு பக்கம், சில்லென்ற சாந்தோ நீனோ ஊற்றுக்குளம் இன்னொரு பக்கம், எழுபது மீட்டருக்குமேல் விழும் கதிபவாசான் அருவி. வெள்ளைத்தீவு என்பது கடலுக்கு நடுவே வெறும் மணல்திட்டு, மரமோ கூரையோ எதுவும் கிடையாது. விடியற்காலையில் போய், வெயில் ஏறும்முன் திரும்பிவிட வேண்டும். திரும்பிப் பார்த்தால் ஹிபோக்-ஹிபோக் மொத்தமாக எதிரே நிற்கும். அக்டோபரில் லன்சோனெஸ் பழத் திருவிழா. அந்த மாதம் தங்குமிடத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைக்காமல் வரவேண்டாம்.

கமிகினின் குறை, போய்ச்சேருவது. செபுவிலிருந்து சிறிய விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் மம்பஹாவில் இறங்கலாம், ஆனால் இருக்கைகள் சீக்கிரம் தீரும். இல்லையென்றால் ககயான் தே ஓரோ வரை பறந்து, அங்கிருந்து பஸ்ஸில் பலிங்கோவான் துறைக்கு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், பிறகு வண்டிகள் ஏற்றும் படகில் பெனோனி. ஒரு பகல் போய்விடும். சைவச் சாப்பாடும் மூன்று தீவில் இங்கேதான் கடினம்.

## ஒரே பார்வையில்

| | போஹோல் | சிகிஹோர் | கமிகின் |
|---|---|---|---|
| மக்கள் (2020) | சுமார் 13.9 லட்சம் | சுமார் 1.03 லட்சம் | சுமார் 93 ஆயிரம் |
| செபுவிலிருந்து | படகில் 2 மணி | துமகெதே அல்லது தக்பிலரான் வழியாக | சிறு விமானம், இல்லையேல் ஒரு பகல் |
| குறைந்தது எத்தனை இரவு | 3 | 2 | 3 |
| தவறவிடக் கூடாதது | பக்லயோன் சுவர் | லாசி மடமும் தேவாலயமும் | கி-ஓப் |
| பெரியவர்களுக்கு | நல்லது | அருவியைத் தவிர்த்தால் நல்லது | ஊர் நல்லது, வழி களைப்பு |
| சுற்ற | வேன், வாடகைக் கார் | ஸ்கூட்டர், டிரைசிகிள் | மல்டிகேப் (சிறு வேன்), மோட்டோரெலா (ஆட்டோ மாதிரி), ஸ்கூட்டர் |
| சைவச் சாப்பாடு | எளிது | ஓரளவு | கடினம் |

## கணக்கில் வராத செலவுகள்

படகுச் சீட்டின் விலை மட்டும் விலையில்லை. துறைமுகக் கட்டணம் தனி, பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம். அருவியில் நுழைவுக் கட்டணம், வண்டி நிறுத்தக் கட்டணம், ஊஞ்சலாடினால் அதற்கும். ஒவ்வொன்றும் சின்னத் தொகை, சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். தீவுப் படகுகளும் வேன்களும் ஆளுக்கு இவ்வளவு என்றில்லாமல் வண்டிக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். இரண்டு பேர் போனாலும் ஆறு பேர் போனாலும் அதே காசு. ஆகவே சின்னக் குடும்பத்துக்கு வெள்ளைத்தீவு எதிர்பார்த்ததைவிட அதிகமாகும், பெரிய குடும்பத்துக்குப் போஹோல் வேன் மலிவாகும்.

ஸ்கூட்டர் வாடகை மலிவுதான். ஆனால் உங்கள் ஓட்டுநர் உரிமத்தில் இருசக்கர வாகனம் இல்லையென்றால், விழுந்து அடிபட்டபிறகு பயணக் காப்பீடு கைவிரித்துவிடும். கார் உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு வாடகை ஸ்கூட்டர் எடுக்காதீர்கள். கடைக்காரர் கேட்கமாட்டார் என்பது உங்களுக்கு லாபமில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு, புயல். கடலில் எச்சரிக்கை ஏற்றினால் கடலோரக் காவல்படை படகுகளை நிறுத்திவிடும், அதில் பேச்சுக்கே இடமில்லை. ஒரு டிசம்பரில் சிகிஹோரில் இரண்டு இரவு கூடுதலாகத் தங்கினேன், செபுவிலிருந்து கிளம்பவிருந்த விமானம் போனது, அந்தச் சீட்டுக்குப் பணம் திரும்பவும் வரவில்லை. அன்றிலிருந்து, தீவிலிருந்து திரும்பும் நாளும் ஊருக்கு விமானம் ஏறும் நாளும் அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்கிறேன். நடுவில் ஒரு முழு நாள் செபுவிலோ துமகெதேயிலோ இருக்கட்டும். விசா இல்லாமல் வருகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அந்த 14 நாளை நீட்டிக்க முடியாது, திரும்பும் டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் நுழையும்போதே காட்டவேண்டும். பதினான்காம் நாள்வரை தீவில் இருக்கத் திட்டம் போடாதீர்கள்.

புனித வாரத்தில் பெரிய வியாழனும் வெள்ளியும் கடைகள் பல மூடியிருக்கும், படகுகள் நிரம்பி வழியும். சிகிஹோரின் மூலிகைக் காய்ச்சலையோ கமிகினின் நேர்த்திக்கடனையோ பார்க்க விரும்பினால் அந்த வாரம்தான் வரவேண்டும். வேறு காரணத்துக்கு வருகிறவர்கள் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "வலாய் கர்னே, வலாய் இஸ்டா." இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். மூன்று தீவிலும் செபுவானோ மொழி புரியும். இறால் விழுதைத் தனியாக எடுத்துச் சொல்லவேண்டும். என் அம்மா ஒரு டப்பா பருப்புப்பொடியும் ஊறுகாயும் கொண்டுவந்திருந்தார். வெள்ளைச் சோறு எங்கேயும் கிடைக்கும் என்பதால் அது போதுமானதாக இருந்தது.

## சரி, யாருக்கு எது

அம்மா அப்பா எழுபதை நெருங்குகிறார்கள், மூன்று இரவு: போஹோல். வேன் சுற்றுலாவை விட்டுவிட்டு, வாடகைக் கார் ஓட்டுநரோடு பேசி இரண்டு நாளாகப் பிரியுங்கள். முதல் நாள் பக்லயோன், ரத்த உடன்படிக்கைச் சின்னம், கொரெல்யா. இரண்டாம் நாள் லோபோக்கும் குன்றுகளும். 214 படி ஏற முடியாதவர்கள் கீழேயே இருந்தாலும் சாலையிலிருந்து குன்றுகள் நன்றாகத் தெரியும்.

ஐந்து இரவு, நடக்கத் தெம்புண்டு: போஹோலில் மூன்று, சிகிஹோரில் இரண்டு. தக்பிலரானிலிருந்து படகில் போய், துமகெதே வழியாகத் திரும்பலாம். போன வழியே வரவேண்டியதில்லை.

திருமணமான புதுத்தம்பதி, இருவருக்கும் ஸ்கூட்டர் உரிமம், கூட்டம் பிடிக்காது: சிகிஹோர் மட்டும், நாலு இரவு. இரண்டு இரவு போதும் என்று சொல்லியிருந்தாலும் அந்தத் தீவுக்கு அவசரம் ஆகாது.

ஏற்கனவே போஹோல் பார்த்தவர்கள், எரிமலையில் ஆசை உள்ளவர்கள், நாலு இரவு இருப்பவர்கள்: கமிகின். ஹிபோக்-ஹிபோக் ஏற நினைப்பவர்கள் வழிகாட்டியும் அனுமதியும் இல்லாமல் போகமுடியாது, ஒரு முழு நாளை அதற்கே ஒதுக்குங்கள்.

ஒரு வாரத்தில் மூன்றையும் முடித்துவிடலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம். பாதி நேரம் படகுத்துறையில் பெட்டியின்மேல் உட்கார்ந்திருப்பீர்கள்.

கமிகின் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. திரும்பும் நாளன்று மம்பஹாவில் 'பாஸ்தெல்' விற்கும் அடுமனையில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே முட்டையும் பாலும் சேர்த்துக் கிண்டிய இனிப்பு வைத்த மெத்தென்ற ரொட்டி அது. ஊருக்கு ஒரு பெட்டி வாங்கிக்கொள்ளுங்கள். இன்னொரு பெட்டியைச் சூடாக இருக்கும்போதே வண்டியில் பிரித்துவிடுங்கள், ஓட்டுநருக்கும் ஒன்று கொடுங்கள்.